சாரலுக்கு முன்னே அறுவடை

குற்றாலத்துக்குக் கிழக்கே, சிற்றாற்றுப் பாசனத்தில் இருக்கும் ஓர் ஊரில் பன்னிரண்டு பெண்கள் சேர்ந்து சுய உதவிக் குழு நடத்துகிறார்கள். இரண்டு முறை கடன் வாங்கி, இரண்டையும் தவணை தவறாமல் கட்டி முடித்தவர்கள். மூன்றாவதாக மூன்று லட்ச ரூபாய் கொடுக்க வங்கி தயாராக இருந்தது. வாங்கி என்ன செய்வது என்பதில்தான் இழுபறி. ஆடு வாங்கலாம் என்றால் பாதிப் பேர் வீட்டில் ஏற்கெனவே ஆடு நிற்கிறது; மேய்ச்சலுக்குத்தான் இடம் இல்லை. தையல் மெஷின் என்றால் ஊரில் அத்தனை பேருக்குத் தைக்கத் துணி வராது. அப்பளம் போட்டுப் பார்த்து ஏற்கெனவே ஒருமுறை கையைச் சுட்டுக்கொண்டாயிற்று.

இந்த நேரத்தில்தான் குழுவிலேயே வயதில் சின்னவளான ஒரு பெண் செல்போனில் ஒரு படத்தைக் காட்டினாள். கேரளத்தில் ஏதோ ஒரு காயல். பெண்கள் தண்ணீருக்குள்ளிருந்து கயிறு கயிறாகத் தூக்குகிறார்கள். ஒவ்வொரு கயிற்றிலும் வாழைத்தார் மாதிரி சிப்பி அப்பிக்கொண்டிருக்கிறது. தீவனச் செலவு கிடையாது, மருந்துச் செலவு கிடையாது, ஐந்தாறு மாதத்தில் அறுவடை என்று படத்தில் ஒருவர் சொல்கிறார்.

"அத்தை, நம்ம குளத்த மீன்பாசி ஏலத்துல எடுத்துட்டாப் போதும். கம்பு நட்டு, கயித்தக் கட்டித் தொங்க விடணும். வேற வேலையே கெடையாதாம்" என்றாள்.

படத்தில் சொன்ன மூன்றும் உண்மைதான். சிப்பிக்குத் தீவனம் போட வேண்டாம், மருந்து தெளிக்க வேண்டாம், ஐந்தாறு மாதத்தில் விற்கலாம். எந்தத் தண்ணீரில் என்பதை மட்டும் அந்தப் படம் சொல்லவில்லை.

குழுவில் கணக்கு எழுதுகிற அம்மாவுக்கு ஐம்பது வயதுக்கு மேல். கணவர் இல்லை. 70 சென்ட் வயல். கார் பருவத்தில் நெல், பிசானத்தில் நெல், தண்ணீர் வராத வருஷம் உளுந்து. மழையையும் மடையையும் பார்த்தே வாழ்ந்தவர். அவர் கேட்டது ஒரே ஒரு கேள்வி. "அது உப்புத் தண்ணியாட்டி, நல்ல தண்ணியா?" ஒருவருக்கும் தெரியவில்லை. தெரியாமல் கையெழுத்துப் போட மாட்டேன் என்று அவர் நோட்டை மூடி வைத்துவிட்டார். குழுவுக்குள் கொஞ்சம் மனத்தாங்கல்கூட வந்தது.

மலைக்கு அந்தப் பக்கம்

செங்கோட்டை வட்டாரம் 1956 வரைக்கும் திருவிதாங்கூரோடு இருந்தது. அதனால் தென்காசிப் பக்கத்துக் குடும்பங்கள் பலவற்றுக்கு இன்றும் மலைக்கு மேற்கே கொள்வினை, கொடுப்பினை உண்டு. கணக்கு எழுதும் அம்மாவின் நாத்தனாரைக் கட்டிக் கொடுத்ததும் கொல்லம் பக்கத்தில்தான், அஷ்டமுடிக் காயல் ஓரத்தில். மே மாதத்தில் ஒரு நாள் செங்கோட்டையில் ரயில் ஏறினார். 1904-ல் போட்ட பாதை அது. மீட்டர் கேஜை எடுத்துவிட்டு அகலப் பாதையாக்கி, 2018-லிருந்து மறுபடி முழுக்க ஓடுகிறது. ஆரியங்காவுக் குகையைத் தாண்டி, கழுதுருட்டியில் பதிமூன்று கண் பாலத்தைக் கடந்து, புனலூர் வழியாகக் கொல்லம். நூறு கிலோமீட்டருக்குள்தான் தூரம். ஆனால் குகைக்குக் கிழக்கே விழும் மழை சிற்றாற்றில் இறங்கி, தாமிரபரணியில் சேர்ந்து, புன்னைக்காயலில் கடலுக்குப் போகிறது. மேற்கே விழும் மழை கழுதுருட்டி ஆறாகி, கல்லடை ஆற்றில் கலந்து, அஷ்டமுடிக் காயலுக்குப் போகிறது. ஒரே மேகம்தான். எந்தப் பக்கம் சரிகிறது என்பதைப் பொறுத்துப் போய்ச் சேரும் இடம் வேறாகிவிடுகிறது.

காயல் கரையில் அவர் போன நேரம் அறுவடை நடந்துகொண்டிருந்தது. நெஞ்சளவுத் தண்ணீரில் ஆண்கள் நின்று கயிற்றை அவிழ்த்து வள்ளத்தில் போட, கரையில் பெண்கள் சிப்பியைப் பிய்த்து, அலசி, அவித்து, கறியை உரித்துக்கொண்டிருந்தார்கள். ஓட்டின் விளிம்பில் பச்சை நிறம். யார் முகத்திலும் நிதானம் இல்லை. நெல் அறுத்துக் களத்தில் போட்டிருக்கும்போது மேற்கே இருட்டினால் நம் ஆட்கள் ஓடுவார்களே, அந்த ஓட்டம்.

"ஏன் இப்படிப் பறக்குதாவ?" என்று நாத்தனாரிடம் கேட்டார்.

"மழை வந்துட்டுன்னா கயிறு மட்டுந்தான் மிஞ்சும், மைனி. இடவப்பாதிக்கு முன்னால எல்லாத்தையும் கரையேத்திரணும்."

இடவப்பாதி என்றால் தென்மேற்குப் பருவமழை. ஜூன் முதல் வாரத்தில் கேரளத்தில் இறங்கும் அந்த மழையின் மிச்சம்தான் மலையைத் தாண்டிக் குற்றாலத்தில் சாரலாக விழுகிறது. ஐந்தருவியில் தண்ணீர் கொட்டினால் தென்காசிக்காரர்களுக்குக் கொண்டாட்டம். கார் நடவுக்குத் தண்ணீர், கடைகளுக்கு வியாபாரம். அதே மழையில் ஆறுகள் பெருகிக் காயலுக்குள் பாயும்போது அங்கே இருக்கும் உப்பு வெளுத்துவிடுகிறது. நல்ல தண்ணீர் கடல் நீரைவிட இலேசு. அது மேலே பரவி நிற்கும். கயிறு தொங்குவதும் அந்த மேல் தண்ணீரில்தான். சிப்பி ஓட்டை இறுக மூடிக்கொண்டு சில நாள் தாக்குப்பிடிக்கும். உப்பு திரும்பவில்லை என்றால் செத்து, கயிற்றை விட்டுக் கழன்று, அடியில் விழுந்துவிடும்.

குழுவின் கேள்விக்கு அங்கேயே பதில் கிடைத்துவிட்டது. நல்ல தண்ணீர்தான் இந்தச் சிப்பிக்கு எமன். தென்காசிக் குளத்தில் இருப்பது முழுக்க நல்ல தண்ணீர்.

ஆனாலும் அந்த அம்மா விடவில்லை. கணக்குப் போட்டுப் பார்த்தார். ஒரு லிட்டர் கடல் நீரில் ஏறக்குறைய 35 கிராம் உப்பு இருக்கிறது. சிப்பி நன்றாக வளர 25 கிராமாவது வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். ஒரு ஏக்கர் குளம், ஒரு மீட்டர் ஆழம் என்றால் சுமார் 40 லட்சம் லிட்டர். அதற்கு 100 டன் உப்பு கொட்ட வேண்டும். பத்து லாரி. கொட்டினால் அந்தக் குளத்தின் ஆயக்கட்டு என்ன ஆகும் என்பதை எந்த விவசாயிக்கும் சொல்லித் தர வேண்டியதில்லை.

கயிற்றில் விளையும் பயிர்

நம் குளத்துக்கு ஆகாது என்று தெரிந்த பிறகும் அவர் இரண்டு நாள் அங்கே தங்கினார். கடற்கரையில் நிலமில்லாத பெண்களுக்கு இந்தத் தொழில் எப்படிச் சோறு போட்டது என்பது தெரிந்துகொள்ள வேண்டிய கதை.

இந்தச் சிப்பிக்கு ஊருக்கு ஒரு பேர். குமரி மாவட்டத்திலும் திருவனந்தபுரத்திலும் வெறும் சிப்பி. கோழிக்கோட்டில் கடுக்கா. அதற்கும் வடக்கே கல்லுமக்காய். கல்லின் மேல் காய்த்திருப்பதுபோல் ஒட்டியிருப்பதால் வந்த பேர். இரண்டு வகை உண்டு. பச்சைச் சிப்பி கொல்லத்திலிருந்து வடக்கே அதிகம். கிழக்குக் கரையில் எண்ணூர்ப் பக்கமும் இருக்கிறது. பழுப்புச் சிப்பி வர்க்கலைப் பக்கத்திலிருந்து கன்னியாகுமரி சுற்றித் திருச்செந்தூர் வரைக்கும். முட்டம், குளச்சல், கடியபட்டினம் பக்கத்து ஆட்கள் மூச்சைப் பிடித்துக்கொண்டு முங்கி, பாறையிலிருந்து உளியால் பெயர்த்து எடுப்பது இந்தப் பழுப்புச் சிப்பியைத்தான். அது வேட்டை, வளர்ப்பு என்பது வேறு.

வளர்க்கும் முறையை மத்தியக் கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையம் 1970-களில் விழிஞ்ஞம், கோழிக்கோடு ஆகிய இடங்களில் சோதனை செய்து உருவாக்கியது. முறை கையில் இருந்தும் இருபது வருஷத்துக்கு மேல் அது ஆராய்ச்சிக் கட்டுரைகளோடு நின்றது. திறந்த கடலில் மிதவை கட்டி வளர்ப்பதற்குக் காசும் வேண்டும், அலையைத் தாங்கவும் வேண்டும். ஏழை மீனவரால் முடியாது. 1996, 97 வாக்கில் காசர்கோடு மாவட்டத்தில் படன்னை, செறுவத்தூர் பகுதிகளில் கடலை விட்டுவிட்டுக் கழிமுகத்துக்கு வந்தார்கள். அங்கே அலை இல்லை, ஆழம் குறைவு, வீட்டு வாசலிலேயே தண்ணீர். பெண்கள் குழுவாகச் சேர்ந்து கூட்டுறவு வங்கியில் கடன் வாங்கினார்கள். அரசின் மகளிர் திட்ட உதவியும் கிடைத்தது. பத்துப் பன்னிரண்டு வருஷத்துக்குள் கேரளத்தின் வளர்ப்புச் சிப்பி விளைச்சல் ஆண்டுக்குப் பத்தாயிரம் டன்னைத் தாண்டியது. அதில் பெரும்பகுதி காசர்கோட்டில் விளைந்ததுதான்.

வேலை இப்படி நடக்கிறது. மழை முடிந்து, காயலில் உப்பு மறுபடி ஏறிய பிறகு, அதாவது நவம்பர், டிசம்பரில், பாறைகளிலிருந்து குஞ்சுச் சிப்பியைச் சேகரிக்கிறார்கள். விரல் நகத்தைவிடக் கொஞ்சம் பெரிது. 15 முதல் 25 மில்லிமீட்டர். இதற்கு விதை என்றே பேர். மூங்கிலோ சவுக்கோ நட்டு, குறுக்கே கம்பு கட்டிப் பந்தல் மாதிரி போடுகிறார்கள். நம் ஊரில் பாகற்கொடிக்குப் போடுவோமே, அதேதான், தண்ணீருக்குள். ஒரு மீட்டர் நீளக் கயிற்றைச் சுற்றிலும் ஒரு கிலோ அளவுக்கு விதையைப் பரப்பி, பழைய கொசுவலை போன்ற மெல்லிய பருத்தித் துணியால் சுற்றித் தைத்துவிடுகிறார்கள். இந்தத் தையல் வேலை முழுக்கப் பெண்கள் கையில். பிறகு கயிற்றைப் பந்தலில் தொங்கவிடுகிறார்கள். இரண்டு மூன்று நாளில் துணி நைந்து போகும். அதற்குள் சிப்பி தன் உடம்பிலிருந்து மெல்லிய நூல் விட்டுக் கயிற்றைப் பிடித்துக்கொண்டுவிடும். துணி தடிப்பாக இருந்தால் உள்ளேயே மூச்சு முட்டும். ரொம்ப மெல்லிசாக இருந்தால் பிடிப்பதற்கு முன்பே உதிர்ந்துவிடும். செலவில் இந்தத் துணி ஒரு சின்ன அயிட்டம்தான். முதல் வருஷம் தோற்பவர்கள் பெரும்பாலும் இந்தத் துணியில்தான் தோற்கிறார்கள் என்று காயல் கரையில் சொன்னார்கள்.

அதன் பிறகு பார்வை மட்டும்தான். கயிறு தரையைத் தொடக் கூடாது. தொட்டால் நண்டு ஏறிவிடும். கயிற்றுக்குக் கயிறு இடைவெளி வேண்டும். ரொம்ப நெருக்கமாக வளர்ந்துவிட்டால் கலைத்துவிட வேண்டும். தீவனம் வேண்டாம் என்பது ஏன் என்றால், சிப்பி தண்ணீரை உறிஞ்சி வடிகட்டி, அதிலிருக்கும் கண்ணுக்குத் தெரியாத பாசியைத் தின்கிறது. ஏற்றவற்றம் தினமும் இரண்டு தடவை வந்து பரிமாறிவிட்டுப் போகிறது. 5 மீட்டருக்கு 5 மீட்டர் பந்தலில் நூறு கயிறு தொங்கவிடலாம். நல்லபடி வளர்ந்தால் மீட்டருக்குப் பத்துக் கிலோ. ஒரு பந்தலுக்கு ஒரு டன் என்று கணக்கு வைத்துக்கொள்ளலாம். ஓட்டோடு விற்றால் ஒரு விலை, அவித்து உரித்த கறிக்கு வேறு விலை. உரித்தால் எடையில் கால் பங்கிலிருந்து மூன்றில் ஒரு பங்குதான் கறி தேறும். இந்த வித்தியாசம் தெரியாமல் கறி விலையை டன்னோடு பெருக்கிப் பார்த்து மகிழ்ந்துபோகிறவர்கள் உண்டு. படத்தில் சொன்னவரும் அப்படித்தான் பெருக்கியிருந்தார்.

வருமானம் பெண்கள் கைக்கு வந்ததற்குக் காரணம் மூன்று நான்கு இருக்கலாம். பட்டா தேவைப்படவில்லை என்பதுதான் முதல் காரணமாகத் தெரிகிறது. நிலம் இல்லாதவளுக்குத் தண்ணீரில் இடம் கிடைத்தது. வேலை வீட்டுப் பக்கத்திலேயே. டிசம்பரில் வாங்கிய கடனை மே மாதத்தில் அடைக்கலாம். ஒரு பயிர்க்கடன் மாதிரி. முங்குவதற்கும் கம்பு நடுவதற்கும் ஆண்களைக் கூலிக்கு வைத்தார்கள். வரவு செலவு நோட்டு பெண்களிடம் இருந்தது. கணக்கு எழுதும் அம்மாவுக்குப் பிடித்துப்போனது இதுதான்.

அங்கேயும் பாவூர்சத்திரம்தான்

ஆனால் நல்ல கதை நல்லபடியாகவே போவதில்லை. பட்டா வேண்டாத தண்ணீர் யாருக்கும் சொந்தமில்லாத தண்ணீர். பெண்கள் லாபம் எடுத்ததைப் பார்த்துக் காசுள்ளவர்களும் இறங்கினார்கள். ஒரே கழிமுகத்தில் பந்தலுக்கு மேல் பந்தல். தண்ணீரில் இருக்கிற பாசி இத்தனை வாய்க்குத்தான் போதும் என்று ஒரு அளவு இருக்கிறது. மேய்ச்சல் நிலம் போலத்தான். ஆடு பெருகினால் புல் பெருகாது. சிப்பி மெதுவாக வளர்ந்தது. நெரிசலில் நோயும் வந்தது. சில வருஷங்களில் கயிறு கயிறாகச் செத்தது. விதைக்கும் தட்டுப்பாடு. எலத்தூர், திக்கோடி மாதிரி கடலோரப் பாறைகளிலிருந்துதான் விதை வர வேண்டும்; அங்கே முங்கி எடுக்கிறவர்களுக்குக் குஞ்சை விற்பதா, வளரவிட்டுப் பெரிதாக எடுப்பதா என்று தகராறு. விதை விலை ஏறியதும் சின்னக் குழுக்கள்தான் முதலில் கழன்றன.

எல்லாவற்றையும்விடப் பெரிய இடி சந்தையில் விழுந்தது. மழை எல்லாருக்கும் ஒரே நாளில்தான் வருகிறது. ஆகவே எல்லாரும் ஒரே மாதத்தில் அறுக்கிறார்கள். மே மாதக் கடைசியில் வியாபாரி சொன்னதுதான் விலை. பாவூர்சத்திரம் மார்க்கெட்டில் தக்காளி ஒரேயடியாக வந்து குவியும் நாளில் கமிஷன் கடை வாசலில் நின்றவர்களுக்கு இது புதிதாக இருக்காது. அங்கே ஒரு பெண் சொன்னாராம்: "தக்காளின்னா ரோட்டுல கொட்டிட்டாவது போவலாம். இத விட்டா நாறிப்போயிரும்."

இதற்கு மாற்று தேடினவர்களும் இருக்கிறார்கள். அவித்து உரித்துக் குளிர்ப்பெட்டியில் வைத்து விற்பது, பொட்டலம் போடுவது, மலபாரில் அரிசி மாவு அடைத்து அவிக்கும் அரிக்கடுக்கா செய்து விற்பது. இவற்றுக்கு மின்சாரமும் சுத்தமும் வேண்டும். சுத்தம் என்பது இங்கே உயிர் விஷயம். தண்ணீரை வடிகட்டித் தின்னும் பிராணி, தண்ணீரில் இருக்கும் கழிவையும் கிருமியையும் சேர்த்தே உடம்பில் வைத்துக்கொள்ளும். அறுத்த சிப்பியை ஒரு நாள் முழுக்கச் சுத்தமான கடல் நீரில் போட்டுக் கக்கவைத்த பிறகே விற்க வேண்டும். அதிலும் போகாத ஒரு விஷம் உண்டு. சில வகைக் கடல் பாசி பெருகும்போது சிப்பிக்குள் சேரும் அந்த விஷம் அவித்தாலும் போகாது. தமிழகக் கடற்கரையில் 1981-ல் இப்படிப்பட்ட மட்டியைத் தின்று மூன்று பேர் இறந்தார்கள். 1997-ல் விழிஞ்ஞத்தில் சிப்பி தின்று ஏழு பேர் இறந்தார்கள். கடல் நிறம் மாறினால், மீன் செத்து ஒதுங்கினால், சிப்பியைத் தொடக் கூடாது.

அஷ்டமுடியில் அவர் பார்த்து வியந்த இன்னொன்றையும் சொல்ல வேண்டும். அதே காயலில் மணலுக்குள் வாழும் மட்டியை வாருவதற்கு அங்குள்ளவர்கள் தாங்களே கட்டுப்பாடு வைத்திருக்கிறார்கள். முட்டையிடும் டிசம்பர் முதல் பிப்ரவரி வரை வாருவதில்லை. சின்ன மட்டி தப்பிப்பதற்கு ஏற்ற கண்ணுள்ள வலைதான் போட வேண்டும். 1990-களில் அளவுக்கு மீறி வாரி வரத்துக் குறைந்ததைப் பார்த்த பிறகு வந்த ஒழுங்கு இது. 2014-ல் இந்த மட்டி மீன்பிடிப்புக்கு உலக அளவில் மதிப்புள்ள எம்.எஸ்.சி. சான்று கிடைத்தது, இந்தியாவில் அந்தச் சான்று வாங்கிய முதல் மீன்பிடிப்பு அதுதான். தண்ணீருக்குச் சொந்தக்காரர் இல்லாவிட்டாலும் சட்டாம்பிள்ளை இருந்தால் பிழைக்கிறது. நம் ஊர்க் குளங்களுக்கு நீர்க்கட்டி இருந்த காலத்தை நினைத்தால் இது புரியும்.

தமிழகக் கடற்கரை வாசகர்களுக்கு ஒரு வார்த்தை. குமரிக் கடல் கொந்தளிப்பானது; கம்பு நட்டுப் பந்தல் போட முடியாது. கழிமுகம் இருக்கும் இடம்தான் தோது. கிழக்குக் கரையில் மழைக்காலமே வேறு. ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்குப் பருவமழையின் வெள்ளம் வரும்போதுதான் உப்பு இறங்கும். ஆகவே கேரளத்துக் காலண்டரை அப்படியே எடுத்துக்கொண்டால் நஷ்டம்தான். தை மாதத்துக்குப் பிறகு கயிறு கட்டி, ஐப்பசிக்கு முன்னால் அறுக்கிறபடி திட்டமிட வேண்டும். எண்ணூரில் பச்சைச் சிப்பி இயற்கையாகவே உண்டு என்றாலும், ஆலைக் கழிவும் அனல்மின் நிலையச் சாம்பலும் சேரும் தண்ணீரில் வளர்ந்ததை யாருக்கும் விற்கக் கூடாது. இறங்குகிறவர்கள் முதலில் மத்தியக் கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தின் தூத்துக்குடி, மண்டபம் மையங்களில் ஒன்றுக்குப் போய், தங்கள் ஊர்த் தண்ணீரின் உப்பை ஒரு வருஷம் மாதாமாதம் அளந்து பார்ப்பது நல்லது. 2020-ல் தொடங்கிய பிரதமரின் மத்ஸ்ய சம்பதா திட்டத்தில் சிப்பி வளர்ப்புக்கும் மானியம் உண்டு. பொதுப் பிரிவினருக்கு 40 சதவீதம், பெண்களுக்கும் பட்டியல் இனத்தவர், பழங்குடியினருக்கும் 60 சதவீதம். மானியத்துக்காக மட்டும் இறங்கினால், நஷ்டத்தில் பாக்கி 40 சதவீதம் நம்முடையது என்பதும் நினைவிருக்கட்டும்.

முத்துக்காரர்

அம்மா ஊர் திரும்பிய வாரம், குழுவைத் தேடி ஒருவர் வந்திருந்தார். கடல் சிப்பி ஆகாவிட்டால் பரவாயில்லை, குளத்து மட்டியில் முத்து எடுக்கலாம் என்றார். மட்டியும் அவரே தருவார், பயிற்சியும் அவரே, முத்தைத் திருப்பி வாங்கிக்கொள்வதும் அவரே. முன்பணம் மட்டும் கட்ட வேண்டும்.

நன்னீர் முத்து வளர்ப்பு பொய் அல்ல. புவனேஸ்வரத்தில் இருக்கும் மத்திய நன்னீர் மீன்வளர்ப்பு ஆராய்ச்சி நிறுவனம் அதற்கான முறையை உருவாக்கிப் பயிற்சியும் தருகிறது. ஆனால் அது ஒவ்வொரு மட்டியின் ஓட்டையும் மெல்லத் திறந்து உள்ளே கரு வைக்கும் அறுவைச் சிகிச்சை. பழகாத கை வைத்தால் நிறையச் சாகும். பிழைத்ததிலும் ஒரு வருஷம், ஒன்றரை வருஷம் காத்திருந்த பிறகு நல்ல முத்து கொஞ்சம்தான் தேறும். அதுவும் யார் வாங்குவார்கள், எந்தத் தரத்துக்கு என்ன விலை என்பதெல்லாம் விதை விற்பவரே சொல்வதாக இருந்தால், தவணைக்கு யார் பொறுப்பு?

அம்மா அந்த ஆளிடம் மரியாதையாகவே கேட்டார். "அண்ணாச்சி, போன வருஷம் நீங்க முத்து திருப்பி வாங்குன ஒரு வீட்டக் காட்டுங்க. பஸ் செலவு எங்களது. நாங்க போய்ப் பாத்துட்டு வாறோம்."

பட்டியல் எடுத்து வருகிறேன் என்று போனவர் வரவில்லை.

குழுக் கூட்டத்தில் அவர் கொல்லத்துக் கணக்கை முழுக்கப் படித்துக் காட்டினார். ரயில் டிக்கெட் செலவைக்கூட எழுதியிருந்தார். சின்னவளுக்கு ஏமாற்றம். "அப்போ நம்ம குளத்துல ஒண்ணுமே முடியாதா அத்தை?" என்றாள்.

"உப்புல வாழுதது முடியாது. நல்ல தண்ணியில வாழுதது இருக்குல்லா?"

அதற்குப் பிறகு பேச்சு கட்லா, ரோகு, மிர்காலுக்குத் திரும்பியது. மணிமுத்தாற்றில் அரசு மீன் பண்ணை இருக்கிறது. குஞ்சு எப்போது கிடைக்கும் என்று கேட்டு வர இரண்டு பேர் போவது என்று முடிவானது. விரல் நீளம் வளர்ந்த குஞ்சாக விட்டால் விராலும் கெளுத்தியும் தின்றது போக மிஞ்சும். பொடிக் குஞ்சு விலை மலிவு என்று வாங்கக் கூடாது என்று ஒருத்தி சொன்னாள். அவள் அப்பா முன்பு குளம் குத்தகைக்கு எடுத்தவர். குளத்தில் இயற்கையாக இருக்கிற மட்டியை யாரும் வாரக் கூடாது என்றும் எழுதிக்கொண்டார்கள். அந்த மட்டியின் குஞ்சு பிறந்ததும் மீனின் செவுளில் ஒட்டிக்கொண்டுதான் கொஞ்ச நாள் வளரும் என்பதும், வளர்ந்த மட்டி தண்ணீரைத் தெளியவைக்கும் என்பதும் அவர் பயணத்தில் கேட்டு வந்த செய்திகள்.

கடன் மூன்று லட்சம் வேண்டாம், முதல் வருஷத்துக்கு எண்பதாயிரம் போதும் என்று தீர்மானம் எழுதினார்கள். வங்கியில் அதைக் கேட்டு ஆச்சரியப்பட்டார்களாம். குளம் வருஷம் முழுக்கத் தண்ணீர் தாங்காது. கார் மழையில் நிரம்பி, பிசானம் முடியும்போது வற்ற ஆரம்பித்துவிடும். அதற்குள் பிடித்து முடிக்க வேண்டும். எல்லாக் குளமும் அப்போதுதான் வற்றும், எல்லா மீனும் அப்போதுதான் சந்தைக்கு வரும். ஆகவே மாசியிலிருந்தே வாரம் ஒரு நாள் கொஞ்சம் கொஞ்சமாகப் பிடித்து, ஊரிலும் பக்கத்து ஊர்களிலும் உயிரோடு விற்பது என்று ஒரு யோசனை. காயல் கரையில் மே மாதக் கடைசி ஓட்டத்தைப் பார்த்து வந்தவர் சொன்னது அது.

தீராமல் நிற்பது ஒன்றுதான். இரவில் குளத்துக்குக் காவல் யார்? பெண்கள் முறை வைத்துப் போவதா, கூலிக்கு ஆள் வைப்பதா, அந்த ஆள் மீனைக் காப்பானா, பிடிப்பானா? மூன்று கூட்டமாகப் பேசுகிறார்கள். ஏலத் தேதி நெருங்கிக்கொண்டிருக்கிறது.